பருப்பு வேகும் தண்ணீர்

எங்கள் லாரிக்குச் சூட்டு உடம்பு. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, தென்காசியில் எங்கள் தெருவே கூடிக் கண்டுபிடித்தது. செங்கோட்டை தாண்டி மலை ஏறினால் போதும், மூக்கிலிருந்து ஆவி விட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிடும் லாரியை வேறு என்னவென்று சொல்வது?

என்னைக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் அந்த லாரியை வாங்கினார். பழைய டீசல் லாரி. எங்கோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் பத்து வருஷம் உழைத்துக் களைத்தது. எனக்கு முன்னால் வந்திருந்தால் சக்களத்தி என்று சொல்லியிருப்பேன், பின்னால் வந்ததால் பிள்ளை என்று வைத்துக்கொண்டேன். அவர் அதைத் துடைத்த துடைப்பில் பாதி எங்கள் வீட்டுத் தரைக்குக் கிடைத்திருந்தால் முகம் பார்த்திருக்கலாம்.

லாரிக்கு வேலை இதுதான். நான் பிறந்த ஊர் திருவேங்கடத்துப் பக்கம், வானம் பார்த்த கரிசல் காடு. அங்கிருந்து மிளகாய் வற்றலை ஏற்றிக்கொண்டு தென்காசி வந்து, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் இறக்க வேண்டும். திரும்பும்போது மரச்சீனிக் கிழங்கோ மரத்தடியோ கிடைக்கும். செங்கோட்டை அப்போதுதான் மலையாள ராஜ்ஜியத்திலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்திருந்தது. ராஜ்ஜியம் மாறியதே தவிர மலை இடம் மாறவில்லை. சமதரையில் சொன்ன பேச்சுக் கேட்கும் லாரி, அந்த ஏற்றத்தில் ஒரு பெரிய ஆலமரத்து வளைவு வந்ததும் கொதித்துவிடும். ஒரு மாசத்தில் மூன்று தடவை அதே வளைவில் நின்றது. வற்றலை வேறு லாரி வந்து எடுத்துக்கொண்டு போனது.

சூட்டு உடம்பு என்று பெயர் வைத்தாயிற்று, பிறகு வைத்தியத்துக்குப் பஞ்சமா? ஒருவர் நீராகாரம் ஊற்றச் சொன்னார். ஒருவர் வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் என்றார். என் வீட்டுக்காரர் படித்தவர், பத்தாவது வரை போனவர். அதனால் யோசித்து, சுத்தமானது, தெய்வத்துக்கே ஆவது என்று சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இருபது இளநீரை வெட்டி ரேடியேட்டரில் ஊற்றினார். குறைக்குக் கிணற்றுத் தண்ணீர். நானும் தடுக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடிவயிறு எரிந்தால் எனக்கு இளநீர் கேட்கிறதே, அதற்கும் கேட்கும் என்றுதான் நினைத்தேன்.

அன்று லாரி வளைவு வரைக்கும்கூடப் போகவில்லை. செங்கோட்டை தாண்டினதுமே பாயசம் அடிப்பிடித்த வாசனை வந்ததாம். மூடியைத் திறந்தால் நுரை பொங்கி பானட் முழுக்க வழிந்ததாம். மறுநாள் விடியற்காலம் நான் கோலம் போட வெளியே வந்தபோது, தெருக்கோடியிலிருந்து எங்கள் லாரிவரை எறும்பு சாரை போட்டுப் போய்க்கொண்டிருந்தது. அரிசி மாவுக் கோலத்தை ஓர் எறும்பும் திரும்பிப் பார்க்கவில்லை.

தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காதவர் ஒருவர்தான், என் வீட்டுக்காரரின் அண்ணன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேரடி பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தார். மாமனார் இல்லாத வீட்டில் அவர்தான் எல்லாம். கெட்டவர் இல்லை. சிரிப்பைக் கடையில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிற ஆள், அவ்வளவுதான். எங்கள் வழக்கத்தில் கணவனின் அண்ணன் தம்பி பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேச மாட்டார். அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் தம்பியிடம் சொல்வார், தம்பி இல்லாவிட்டால் தூணிடம் சொல்வார். “வீட்ல கொஞ்சம் மோர் இருந்தா நல்லாருக்கும்” என்று தூணைப் பார்த்துச் சொன்னால் நான் கொண்டுபோய் தூணடியில் வைப்பேன். இரண்டு வருஷமாக அந்தத் தூணுக்குத்தான் நான் தம்பி பெண்டாட்டி.

இளநீர் விஷயம் முடிந்த வாரத்தில் அவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். பச்சைப் பெயின்ட் அடித்த புதுப் பெட்டி. பம்பாயில் சொந்தக்காரர் கடைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, “ஏலே, இன்னும் ஒரே தடவ பாக்கேன். அந்த வளைவுல லாரி நின்னா, அத இரும்புக்குப் போட்டுட்டு நீ பம்பாய்க்கு ரயில் ஏறு” என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அண்ணன் சொல்லுக்கு அந்த வீட்டில் தலை ஒரு பக்கமாகத்தான் ஆடும்.

எங்கள் தெருவில் பம்பாய்க்குப் போனவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சோப்புக்கட்டியும் சீலையுமாக வருவார்கள், பதினைந்து நாளில் போய்விடுவார்கள். அவர்கள் பெண்டாட்டிகள் அடுத்த கடிதம் வரை அந்தச் சோப்பை மோந்து பார்த்துக்கொண்டு இருப்பார்கள். எனக்கு என் புருஷன் வேண்டும். எண்ணெய்க் கறையோடு, டீசல் நாற்றத்தோடு, தினமும் வேண்டும். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எட்டி உதைக்கத் தோன்றியது. இரண்டு தடவை உதைத்தும் இருக்கிறேன். காலில்தான் அடி.

மறுநாள் லாரி மெக்கானிக்கிடம் போனது. அவர் பட்டறை எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். நான் காபித் தூக்கோடு போய் நின்றேன். வேண்டுமென்றேதான். மெக்கானிக் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுச் சுரண்டி எடுத்துக் காட்டினார். வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. அதன்மேல் இளநீர்ப் பாகு.

“அண்ணாச்சி, இது சூட்டு ஒடம்புமில்ல, ஒரு மண்ணுமில்ல. உப்புத் தண்ணி ஊத்தி ஊத்தி உள்ள குழாயெல்லாம் அடைச்சுப்போச்சு. தண்ணி ஓடுனால்லா இன்ஜின் ஆறும்” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

சலவைச் சோடாவைப் போட்டுக் கொதிக்கவைத்து மூன்று தடவை அலசித் தருவதாகச் சொன்னார். ஊரில் உப்புப் பிடித்த தவலைக்கு நாங்கள் புளி போட்டுத் தேய்ப்போம், அதைச் சொன்னேன். புளி உப்பையும் தின்னும், தகரத்தையும் தின்னும், நீங்கள் காபியை வைத்துவிட்டுப் போங்கள் என்றார். சரி, அலசியபிறகு என்ன தண்ணீர் ஊற்றுவது? பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் இருந்தால் உத்தமம், ஆனால் இந்த லாரி குடிக்கிற குடிக்கு மருந்துக்கடையையே வாங்க வேண்டும். நல்ல தண்ணீராகப் பார்த்து ஊற்றுங்கள் என்று முடித்துக்கொண்டார். நல்ல தண்ணீர் எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், குனிந்து அடுத்த குழாயைக் கழற்றப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் இதுவரை ஊற்றியது எங்கள் அம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். வற்றல் ஏற்றப் போகிற இடம் அதுதானே, அங்கேயே நிரப்பிக்கொண்டு வருவார். பளிங்கு மாதிரி இருக்கும், உள்ளே காசு கிடந்தால் பூவா தலையா என்று சொல்லிவிடலாம், அதைவிட நல்ல தண்ணீர் உண்டா என்று என்னிடமே கேட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பதினெட்டு வருஷம் பருப்பு வேகவைத்தவள் நான். காலையில் ஏற்றினால் மத்தியானம் வரை கொதிக்கும், இறக்கினால் கல்லுக் கல்லாகக் கிடக்கும். எங்கள் ஊரில் சாம்பார் என்றால் பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். கலியாணமாகித் தென்காசி வந்து முதல்நாள் உலை வைத்தபோது, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பருப்பு கரைந்து போய்விட்டது. கெட்டுப்போன பருப்பு என்று நினைத்துப் பயந்துபோனேன்.

அன்று சாயங்காலம் அவரை அடுப்படியில் உட்காரவைத்தேன். மூன்று சட்டி. ஒன்றில் லாரி டின்னில் மிச்சமிருந்த எங்கள் ஊர்த் தண்ணீர். ஒன்றில் எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதில் குற்றாலம் போய்வந்த பக்கத்து வீட்டாரிடம் வாங்கிய அருவித் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு துவரம்பருப்பு. நான் தலை பின்னி முடிப்பதற்குள் அருவித் தண்ணீர்ப் பருப்பு மலர்ந்துவிட்டது. தெருக் கிணறு இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. எங்கள் ஊர்த் தண்ணீர் இருட்டும்வரை கொதித்து, சட்டி ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டது. அந்தக் கோட்டை விரலால் சுரண்டி அவர் உள்ளங்கையில் வைத்தேன். மெக்கானிக் காட்டிய அதே பொருக்கு.

அவர் அதை விரலால் நசுக்கிப் பார்த்தார். “ஏட்டி, இத முன்னாலயே சொல்லக்கூடாதா?” என்றார். என்னிடம் யார் கேட்டார்கள்?

அது பங்குனி மாசம். சாரல் காலத்தில் குற்றாலத்தில் தலை காட்ட இடம் கிடைக்காது, பங்குனியில் நானும் அவரும் ஒரு குரங்குக் கூட்டமும்தான். அருவி பாறையோடு ஒட்டி நூலாக வழிந்தது. லாரி இன்னும் பட்டறையில் கிடந்ததால், நான்கு தேங்காய் எண்ணெய் டின்களையும் இரண்டு குடத்தையும் சீயக்காய் போட்டுக் கழுவி, வாடகை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். நிரம்ப அரைநாள் ஆனது. மெக்கானிக் அலசித் தந்த ரேடியேட்டரைக் குடத்துத் தண்ணீரில் நிரப்பி, வழியில் குறைந்தால் ஊற்ற அந்த நான்கு டின்னையும் லாரியில் ஏற்றினோம். பரீட்சைக்கு நாள் குறித்தாயிற்று. அண்ணனும் கூடவே வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பது சாக்கு. தண்ணீரை இன்னொருவரை நம்பி விட எனக்கு மனசில்லை.

அண்ணன் முன்னால் உட்கார்ந்தால் நான் பக்கத்தில் உட்கார முடியாதே. அதனால் அவர் முன்னால், நான் பின்னால், திறந்த லாரியில், நான்கு டின்களோடு. முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு திருவேங்கடம் வரை குலுங்கிக்கொண்டே போனேன்.

அம்மா வீட்டு முற்றத்தில் லாரி நின்றது. வற்றல் மூட்டை ஏற்ற இடம் வேண்டும் என்று ஆட்கள் டின்களை இறக்கி முற்றத்தில் வைத்தார்கள். நான் அம்மாவோடு உள்ளே போய்விட்டேன். கதை பேசி, சித்தி வீட்டுக்குப் போய், கன்றுக்குட்டியைப் பார்த்து, திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது. மூட்டை ஏற்றி முடித்திருந்தார்கள். ஆண்கள் சாப்பிட்டு எழுந்தபிறகு நான் இலையில் உட்கார்ந்தேன். அம்மா சாம்பார் ஊற்றினாள். பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

பருப்பு வெண்ணெயாகக் கரைந்தது.

அந்த வீட்டில், அந்த அடுப்பில், பருப்பு கரைந்து நான் கண்டதே இல்லை. இரண்டாவது வாய் எடுக்கவில்லை. அம்மாவிடம் இது என்ன தண்ணீர் என்று கேட்டேன். அம்மாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

“நீ கொண்டாந்தேல்லா, குத்தாலத்துத் தண்ணி, அதுலதான் வச்சேன். நாலு டின்னு! எம்மக மாதிரி யாரு கொண்டாருவா? அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஆளுக்கு ஒரு செம்பு குடுத்தாச்சு. மிச்சம் பானையில கெடக்கு” என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரிலிருந்து யார் குற்றாலம் போனாலும் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதுதான் முறை. மகள் நான்கு டின் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கியிருக்கிறாள், லாரிக்கு என்று எந்தத் தாய் நினைப்பாள்? சரி, டின் எங்கே என்றேன். அதெல்லாம் அப்போதே லாரியில் ஏற்றியாயிற்று, வெறும் டின்னாகக் கொடுத்தனுப்பலாமா, நம் கிணற்றுத் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பித்தான் வைத்திருக்கிறேன் என்றாள்.

கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. அதுவும் முறைதான். முறை தவறாத ஊர் எங்கள் ஊர்.

வாசலில் பானட் திறக்கும் சத்தம் கேட்டது. எச்சில் கையோடு ஓடினேன். என் வீட்டுக்காரர் டின்னைத் தோளுக்குத் தூக்கி ரேடியேட்டர் வாய்க்குச் சாய்த்துக்கொண்டிருந்தார். இரண்டடி தள்ளி அவர் அண்ணன் நின்றார்.

“ஊத்தாதிய! அது நாம கொண்டாந்த தண்ணி இல்ல!”

கரிசல் காடு முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணன் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் டின்னை இறக்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். அண்ணன் சுற்றும்முற்றும் பார்த்தார். பேசுவதற்கு அங்கே தூணும் இல்லை.

நடந்ததைச் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கையோடு தெருவில் இறங்கி வீடு வீடாகப் போனாள். சற்று நேரத்தில் ஒவ்வொருத்தியாகச் செம்போடு வந்தார்கள். ஒருத்தி பாதி குடித்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள். ஒருத்தி சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்ததை அப்படியே துளசி இலையோடு கொண்டுவந்தாள், இலையை நான் எடுத்துப் போட்டேன். இனி ஓர் எறும்பு விஷயம் வேண்டாம். பானையையும் அம்மா தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் சேலைத் துணியில் வடிகட்டி ஊற்றினோம். தீபாவளிக்குக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றுகிற மாதிரி ஏழெட்டுப் பெண்கள் சுற்றி நின்று அந்த லாரிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ரேடியேட்டர் கழுத்து வரை வந்துவிட்டது. சாம்பாரில் போனது மட்டும் போனதுதான், அதை என் வீட்டுக்காரர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

வழிக்கு மிச்சத் தண்ணீர் இல்லை. அதனால் வேகம் காட்டாமல், புளியமரம் கண்ட இடத்தில் நிறுத்தி நிறுத்தித் தென்காசி வந்தோம். நான் வற்றல் மூட்டைமேல் வந்தேன். மூக்கில் துணியைக் கட்டியும் பத்து மைலுக்கு ஒரு தடவை விடாமல் தும்மினேன். கண்ணிலிருந்து வந்ததெல்லாம் வற்றலால் வந்தது என்று சொல்ல மாட்டேன். பச்சைப் பெட்டி கண்முன்னாலேயே நின்றது.

மறுநாள் கோழி கூவுமுன்னே குற்றாலம் போய் டின்களை மறுபடி நிரப்பிக்கொண்டு செங்கோட்டைப் பாதையைப் பிடித்தோம். இந்தத் தடவை டின்கள்மேல் நான் காலை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. மலை ஏறியது. லாரி உறுமும் சத்தம் மாறும்போதெல்லாம் நான் மூட்டைக் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். ஆலமரம் தெரிந்தது. எனக்குத் தெரிந்த சாமி பெயர்களெல்லாம் தீர்ந்து, இரண்டாம் தடவை முதலிலிருந்து ஆரம்பித்தபோது வளைவு பின்னால் போய்விட்டது. ஆவி இல்லை. அடுத்த வளைவு. அதற்கடுத்தது. ஆரியங்காவு உச்சியில் ஒரு டீக்கடை முன்னால் லாரி தானாக நிற்கவில்லை, என் வீட்டுக்காரர் நிறுத்தினார்.

அண்ணன் இறங்கினார். பானட்டைத் திறக்கச் சொன்னார். எட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், ரேடியேட்டர் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு உதறி எடுத்தார். சூடுதான், ஆனால் கொதிப்பு இல்லை. அப்புறம் லாரியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினேன். வழக்கம்போல தம்பியைக் கூப்பிட்டுச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

“தாயி, எறங்கி முன்னால போயி உக்காரு. இனிம இந்த வண்டிக்குத் தண்ணி நீ சொல்லுததுதான். மேல நான் ஏறிக்கிடுதேன்.”

நான் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, சக்கரத்தில் கால் வைத்து, அந்த உடம்பை வைத்துக்கொண்டு வற்றல் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் முன்னால் போய் என் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த லாரியின் முன்சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் ரோடு இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

இறக்கத்தில் போகும்போது பின்னாலிருந்து தும்மல் கேட்டது. அடுத்து இன்னொன்று. பாத்திரக்கடையில் அண்டா உருண்டது மாதிரி தும்மல். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டோம், ரொம்ப நேரம் அடக்க முடியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பச்சப் பொட்டிய என்ன செய்ய?”

“ஸ்பானர் போட்டு வைங்க” என்றேன்.